மைஎஸ்கியூஎல் இருவழி ரெப்ளிகேஷன்: இரு கிளைகளிலும் எழுதலாமா?

புறக்கோட்டை_கணினி:
வணக்கம். புறக்கோட்டையிலுள்ள மொத்த விற்பனை நிலையம் ஒன்றிலும் வெள்ளவத்தையிலுள்ள அதன் கிளையிலும் மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளச் சேவையகம் ஒவ்வொன்றை நிறுவியிருக்கிறேன். இடையிலுள்ள இணைப்பு அறுந்தாலும் இரு இடங்களிலும் பில் போடுவது தடைப்படக் கூடாது என்று முதலாளி சொல்வதால், இரண்டிலும் எழுதக்கூடியவாறு இருவழி ரெப்ளிகேஷன் (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகப் பதியும் முறை) அமைக்க எண்ணுகிறேன். ஒரே பில் இலக்கம் இரு பக்கமும் உருவாகாமல் தடுப்பது எப்படி? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தெஹிவளை_டிபிஏ:
இலக்கப் பிரச்சினை எளிதில் தீரும். தானியங்கி இலக்கத்தின் இடைவெளியான ஆட்டோ இன்கிரிமென்ட் இன்கிரிமென்டை இரண்டிலும் 2 என்றும், தொடக்க எண்ணான ஆஃப்செட்டை ஒன்றில் 1, மற்றதில் 2 என்றும் வைத்தால், ஒரு பக்கம் ஒற்றை எண்களும் மறுபக்கம் இரட்டை எண்களுமாக வரும். மூன்றாவது கிளை திறக்கும் எண்ணம் இருந்தால் 2க்குப் பதிலாக இப்போதே 10 என்று வைத்துவிடுங்கள். சேவர் ஐடி (ஒவ்வொரு சேவையகத்துக்கும் நாம் கொடுக்கும் எண்) வேறுபட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். ஆனால் ஒன்றின் வட்டை நகலெடுத்து மற்றதை உருவாக்கியிருந்தால், இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (சேவையகம் தானே உருவாக்கும் தனி அடையாளம்) அமைந்து ரெப்ளிகேஷன் ஓடாது. நகலின் தரவுக் கோப்புறையிலுள்ள ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பை நீக்கி மீண்டும் தொடக்கினால் புதிய யூயூஐடி உருவாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி அடையாளம் இடும் ஜிடிஐடியையும் இயக்கிவிடுங்கள், இணைப்பு மீளும்போது விட்ட இடத்தை அதுவே கண்டுகொள்ளும். மாற்றங்களைப் பதிந்து மறுபக்கம் அனுப்ப உதவும் பைனரி லாக் இயல்பிருப்பாக 30 நாள் வைக்கப்படுவதால் ஓரிரு நாள் துண்டிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனை_நிரலர்:
மேலே சொன்னவை சரி. ஆனால் அவை புதிய வரிகளை (அட்டவணைப் பதிவுகளை) சேர்ப்பதற்கு மட்டுமே போதும். ஒரே வரியை இரு பக்கமும் மாற்றுவதுதான் உண்மையான ஆபத்து. ஒரு பொருளின் இருப்பு 40 என்று கொள்வோம். இணைப்பு அறுந்திருக்கையில் புறக்கோட்டையில் 3 விற்று அங்கே 37 ஆகிறது. வெள்ளவத்தையில் 5 விற்று 35 ஆகிறது. வரி அடிப்படையிலான பைனரி லாக் "மூன்றைக் கழி" என்ற கட்டளையை அனுப்புவதில்லை, மாறிய வரியையே அனுப்புகிறது. பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளம்) கொண்டு வரியைத் தேடுவதால் பழைய மதிப்பு ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பதில்லை. ஆகவே இணைப்பு மீண்டதும் புறக்கோட்டையில் 35, வெள்ளவத்தையில் 37 என்று மதிப்புகள் இடம் மாறி நிற்கும். சரியான விடையான 32 எங்கும் இராது. பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. ஒரே இலக்கம் இருமுறை வந்தால் எழும் 1062 என்ற பிழை வந்து ரெப்ளிகேஷன் நின்றுபோவதே இதைவிட மேல், ஏனெனில் அது கண்ணுக்காவது தெரியும்.

புறக்கோட்டை_கணினி:
மிக்க நன்றி. எங்கள் மென்பொருள் அப்படித்தான் இருப்பைக் கழிக்கிறது. பல சேவையகங்களை ஒரே தொகுதியாக இயக்கும் கலேரா கிளஸ்டருக்கு மாறினால் தீருமா?

கொட்டாஞ்சேனை_நிரலர்:
கலேராவில் பெரும்பான்மை இல்லாத பக்கம் எழுத மறுக்கும். இரண்டு கணுக்கள் (சேவையகங்கள்) மட்டும் இருந்து இணைப்பு அறுந்தால் இரண்டுமே நின்றுவிடும். மூன்றாவதொன்றை வேறிடத்தில் வைத்தாலும் துண்டிக்கப்பட்ட கிளை பில் போட முடியாது. முதலாளி கேட்பது அதுவல்லவே. இருப்பை ஓர் எண்ணாகச் சேமிக்காமல், ஒவ்வொரு விற்பனையையும் வரவையும் தனி வரியாகச் சேர்த்து, கூட்டிப் பார்த்து இருப்பை அறியுங்கள். கடைசிப் பெட்டியை இரு கிளைகளும் விற்றுவிடும் வாய்ப்பு அப்போதும் உண்டு. இணைப்பு அறுந்தும் இரு பக்கமும் எழுத விடும் எந்த அமைப்பாலும் அதைத் தடுக்க முடியாது என்பதால், கிளைக்குக் கிளை இருப்பைப் பிரித்து வைப்பதே வழி. விலைப்பட்டியலைப் புறக்கோட்டையில் மட்டும் மாற்ற அனுமதியுங்கள்.

தெஹிவளை_டிபிஏ:
இன்னொன்று. எந்தச் சேவையகத்திலிருந்து மாற்றங்களைப் பெறுவது என்று குறிக்கப் பழைய வழிகாட்டிகளிலுள்ள 'சேஞ்ச் மாஸ்டர் டு' கட்டளை 8.4 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. 'சேஞ்ச் ரெப்ளிகேஷன் சோர்ஸ் டு' என்பதையே இப்போதிருந்து பயன்படுத்துங்கள்.