ஆராதனை நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை: எங்கிருந்து தொடங்குவது?

சேகர உறுப்பினர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் நாலு வயதுக்குக் கீழ் 14 பிள்ளைகள். ஞாயிறு ஆராதனை 8.30க்குத் தொடங்கி 10.30 ஆகிவிடும், திருவிருந்து (அப்பமும் ரசமும் பெறும்) நாளில் 11. தாய்மார் பாதிப் பேர் வராந்தாவிலேயே நிற்கிறார்கள். பிரசங்கம் காதில் விழுவதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் நாலு வயதிலிருந்துதான் சேர்க்கிறோம். கோயிலை ஒட்டி 12க்கு 15 அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கமிட்டி சம்மதித்துவிட்டது. எத்தனை பேர் வேண்டும்? அறையில் என்னென்ன செய்ய வேண்டும்?

மழலையர் ஆசிரியை:
முதலில் ஆள் கணக்கு. ஒரு வயதுக்குக் கீழே இரண்டு குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேலே நாலு பிள்ளைக்கு ஒருவர். உங்கள் 14 பேரில் நாலு கைக்குழந்தை என்று வைத்தால் ஐந்து பேர் வேண்டும். ஒருவருக்கு மாதம் ஒரு ஞாயிறுதான் முறை வரவேண்டும். வாரா வாரம் அதே ஆட்களை நிறுத்தினால் அவர்களுக்கு ஆராதனையே இல்லாமல் போகும், மூன்றே மாதத்தில் ஒவ்வொருவராக விலகுவார்கள். ஆகவே 20 பேர், ஐந்தாம் ஞாயிறுக்கும் திடீர் விடுப்புக்கும் இன்னும் ஐந்து பேர். அத்தனை பேர் சேராவிட்டால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். அந்த அறையில் ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைக்கு மேல் நெரிசல்தான். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் கூடமாட உதவலாம், ஆனால் 18 வயது நிறையாதவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பராமரிப்புக் குழு:
அறையைப் பார்ப்பதற்கு முன் குளியலறையைப் பாருங்க. வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே தவழும் குழந்தைக்கு ஆபத்து. தலைகுப்புற விழுந்தால் அதற்கு நிமிரத் தெரியாது, சத்தமும் வராது. வாளியைக் கவிழ்த்து வையுங்க, கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்க. வளாகத்தில் சம்ப் இருந்தால் மூடிக்குப் பூட்டு.

அறைக்கதவைப் பாதிக்கதவாக மாற்றச் சொல்லுங்க. பிள்ளை வெளியே ஓடாது, உள்ளே நடப்பது எல்லோர் கண்ணிலும் படும். மொசைக் தரையில் ஜமுக்காளம் வழுக்கும். துடைக்கக்கூடிய கனமான விரிப்பு நல்லது. ஸ்டாண்டு ஃபேன் வேண்டாம், விரலை விடுவார்கள். தூளியும் கட்டாதீங்க. தூங்கும் குழந்தையை மெத்தை, தலையணை இல்லாமல் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்க.

பொம்மையில் 3.2 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எதுவும் கூடாது, தொண்டையில் அடைக்கும். துணிப் பொம்மையை வாரா வாரம் துவைக்க யாரும் இல்லை, பிளாஸ்டிக்கே போதும். சோப்புத் தண்ணீரில் கழுவியபின் 5 சதவீத பிளீச் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் கழித்து அலசி வெயிலில் காயவையுங்க. தின்பண்டம் சபை கொடுக்க வேண்டாம். வீட்டுப் பால்புட்டியில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்க.

சேகர உறுப்பினர்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. விட்டதும் அழுகிற பிள்ளையை என்ன செய்வது? யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடலாமா?

மழலையர் ஆசிரியை:
தாய் சொல்லாமல் நழுவுவதுதான் பெரிய தவறு. அடுத்த வாரம் பிள்ளை வாசலிலேயே கத்தும். "பாட்டு முடிஞ்சதும் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும். பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் தாயைக் கூப்பிடுங்கள். அதற்காக, பிள்ளையை விடும்போதே ஒரு பதிவேட்டில் பெயரோடு தாய் உட்காரும் வரிசையையும் எழுதிவையுங்கள். செல்போன் அணைந்திருக்கும், ஆள்தான் போக வேண்டும்.

ஒரே எண்ணில் இரண்டு துணிச்சீட்டு. ஒன்று பிள்ளையின் சட்டை முதுகில் தைத்த பட்டையில், மற்றது தாயின் கையில். கழுத்துக்கயிறு, ஊக்கு எதுவும் கூடாது. சீட்டு இல்லாமல் தாத்தாவே வந்தாலும் தாயைக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஆசீர்வாதம் முடிந்ததும் வாசலில் கூட்டம் முட்டும். அந்த ஐந்து நிமிடம்தான் பிள்ளை மாறிப்போகும் நேரம், ஒருவர் பாதிக்கதவை விட்டு நகரவே கூடாது.

பராமரிப்புக் குழு:
இன்னொன்று, இதில் தயவு பார்க்காதீங்க. எந்த நேரமும் உள்ளே இரண்டு பெரியவர். கணவன் மனைவி மட்டும் என்றால் அது ஒருவர் கணக்குதான். உடை மாற்றுவதும் இன்னொருவர் பார்வையில். குழந்தைப் படம் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது. பிள்ளையிடம் பாலியல் தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்கக் கூடாது: பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்க.

திருவிருந்து நாளில் அன்று முறையில் இருப்பவர்கள் இருவர் இருவராகப் போய்த் திருவிருந்து பெற்று வரட்டும். அவர்கள் இடத்துக்கு மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எழ வேண்டும். ஐயரிடம் (போதகரிடம்) முன்கூட்டியே சொல்லிவைத்தால் முதல் வரிசையோடு திருவிருந்துப் பந்திக்கு விட்டுவிடுவார்.