தம்பி "போதையில நடந்துபோச்சு" என்கிறான், வீட்டில் கல்யாணம் பேசக் கிளம்புகிறார்கள்

குமரி அக்கா:
கல்குளம் தாலுகாவில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். முந்தின ராத்திரி காய்வெட்டு. கீழே நாங்கள் அவியலுக்கு நறுக்கிக்கொண்டிருக்க, மொட்டைமாடியில் தம்பியும் கூட்டாளிகளும் குப்பியைத் திறந்துவிட்டார்கள். (இது இல்லாமல் இப்போது எந்த வீட்டில் கல்யாணம் நடக்கிறது, அது தனிக் கதை.) அவனோடு [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது] வேலை பார்க்கும் பெண்ணும் குடித்திருக்கிறாள். வாந்தி எடுத்து நிற்க முடியாமல் கிடந்தவளை நானும் மைனியும்தான் தாங்கிப் பிடித்து அறையில் படுக்க வைத்தோம். அப்புறம் தம்பி அங்கே போயிருக்கிறான்.

புகார் கொடுக்கப் போவதாக அவனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். "அவ வேண்டாம்னு சொல்லல, நானும் போதையிலதான் இருந்தேன்" என்கிறான். அம்மாவோ, "அவளும் குடிச்சவதானே." மாமா அவள் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தம் பேசி முடித்துவிடலாம் என்கிறார். என்னையும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

ரப்பர் தோட்டம்:
இரண்டு பேரும் குடித்திருக்கிறார்கள். பையன் தலையில் மட்டும் பழியைப் போடுவது என்ன நியாயம்?

நாகர்கோவில் வக்கீல்:
தோட்டக்காரரே, குடித்துவிட்டு பைக்கில் மார்த்தாண்டம் பாலத்தில் ஒருவரை இடித்தால், அடிபட்டவரும் குடித்திருந்தார் என்று விட்டுவிடுவார்களா? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஒருவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டிருந்தால்தான் அதைக் காரணமாக ஏற்கும். தானாக ஊற்றிக் குடித்தவனுக்கு அந்தக் கதவு இல்லை. பாலியல் வன்கொடுமை பற்றிய 63-ஆம் பிரிவில், என்ன நடக்கிறது என்று புரியாத அளவு போதையில் இருந்த பெண் சரி என்றே சொல்லியிருந்தாலும் அது சம்மதம் ஆகாது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் என்றும் கொள்ளக்கூடாது. நிற்க முடியாதவள் "வேண்டாம்" சொல்லவில்லையாம்! மாடிப்படி இறங்கி சரியான அறையைக் கண்டுபிடிக்கிற அளவு அவனுக்குத் தெளிவு இருந்திருக்கிறது. நிரூபணமானால் குறைந்தது 10 வருடம்.

அக்கா, மாமாவை இன்றைக்கே நிறுத்துங்கள். சமரசம் பேசி முடிக்கிற வழக்கு இது இல்லை என்று 2015-இல் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போய்ப் பேசினால் மிரட்டல் என்று இன்னொரு பிரிவும் சேரலாம். தம்பி போனில் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். இங்கேயும் அவளை அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள், 72-ஆம் பிரிவு இருக்கிறது.

ஆசாரிபள்ளம் நர்ஸ்:
அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒன்று சொல்ல முடியுமென்றால், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் முதல் சிகிச்சையை இலவசமாகத் தரவேண்டும், போலீஸ் ரிப்போர்ட் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. அன்றைக்குப் போட்ட துணியைத் துவைக்காமல் காகித உறையில் வைக்கட்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

குமரி அக்கா:
மைனியிடம் நம்பர் இருக்கிறது, சொல்லச் சொல்கிறேன். நான் போகவில்லை என்றதும் அம்மா, "கூடப் பொறந்தவனுக்கு எதிரா சாட்சி சொல்லப் போறியா" என்று கத்துகிறாள். அக்கா என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

நாகர்கோவில் வக்கீல்:
முடியாது. கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதற்குத்தான் அந்தப் பாதுகாப்பு, கூடப்பிறந்தவர்களுக்கு இல்லை. சம்மன் வந்தால் போய், எந்த நிலையில் அவளைப் படுக்க வைத்தீர்கள் என்பதைச் சொல்லவேண்டும். தம்பிக்குத் தனியாக ஒரு கிரிமினல் வக்கீலைப் பிடியுங்கள். நான் வரமாட்டேன்.