சட்டக் கல்லூரியில் கோர்ட் வேலை சொல்லித் தருகிறார்களா?

கேள்வி:
தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள், ஐந்தாண்டு சட்டப் படிப்புதான் வேண்டும் என்கிறாள். கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு முயற்சி செய்யலாமா, இங்கேயே அரசு சட்டக் கல்லூரி போதுமா? எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் எங்கே படித்தாலும் தொழிலை சீனியரிடம்தான் கற்க வேண்டும் என்கிறார். அப்படியென்றால் ஐந்து வருடம் எதற்கு?

பதில் 1:
அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன், என்னிடம் வரும் ஜூனியர்கள் அரசியலமைப்புத் தீர்ப்புகளை மளமளவென்று சொல்கிறார்கள், ஆனால் ஒரு பணவசூல் வழக்குக்கு வழக்குரை (வழக்குத் தொடுப்பவர் கோர்ட்டில் தாக்கல் செய்யும் மனு) எழுதச் சொன்னால் வழக்குமூலம், அதாவது வழக்குப் போடுவதற்கான காரணம், எப்போது எழுந்தது என்ற பத்தியையே விட்டுவிடுகிறார்கள், கோர்ட் கட்டணம் குறைவாகப் போட்டு வழக்குக் கட்டு கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகி வருகிறது. வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி வழக்கு ஆவணங்களை எழுதும் வரைவுப் பயிற்சியும் மாதிரி நீதிமன்றமும் கட்டாயப் பாடம். பல இடங்களில் அது போன வருட ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதோடு சரி.

பதில் 2:
பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன் சார்? முழுநேர ஆசிரியர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது விதி. வக்கீல்கள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை பாடம் எடுக்கலாம் என்று 1979 விதி அனுமதிக்கிறது, அதை ஒழுங்காகப் பயன்படுத்தும் கல்லூரிகள் குறைவு. குறுக்கு விசாரணையே செய்யாதவர் அதைப் புத்தகத்திலிருந்துதானே சொல்லித் தர முடியும்?

பதில் 3:
தேசிய சட்டப் பல்கலையில் படித்தவள் நான். 1988-ல் பெங்களூருவில் நாட்டின் முதல் தேசிய சட்டப் பல்கலையை நிறுவிய சட்டக் கல்வியாளர் மாதவ மேனன் அதன் முதல் வகுப்பைத் தொடங்கியபோது, வேறு எதுவும் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்ற பெயரை மாற்றுவதே பெரிய வேலையாக இருந்தது, அதைச் சாதித்தும் காட்டினார்கள். ஆனால் படித்தவர்களில் பெரும்பகுதி கார்ப்பரேட் நிறுவனங்களுக்குப் போய்விடுகிறோம் என்ற விமர்சனம் உண்மை. கல்விக் கடன் கழுத்தை நெரிக்கும்போது கீழமை நீதிமன்றத்தில் ஜூனியராக யார் நிற்பார்கள்? ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, நிறைய பேருக்கு அது இன்னும் கைக்கு வரவில்லை.

தங்கைக்குக் கோர்ட்டில்தான் ஆசை என்றால் அரசுக் கல்லூரியில் சேரட்டும், கட்டணமும் குறைவு. முதல் வருடத்திலிருந்தே விடுமுறையில் உள்ளூர் முன்சீப் கோர்ட்டுக்குப் போய் சாட்சி விசாரணையைக் கவனிக்கச் சொல்லுங்கள், அங்கே பெரும்பாலும் தமிழில்தான் நடக்கும்.