100 வாட் எல்இடி போட்டா 10,000 லூமென்ஸாம்... கேக்குறவன் கேனையனா இருந்தா!

லக்ஸ்மீட்டர்:
பக்கத்து திரியில சோல்டரிங் சுப்பு வீட்லயே ப்ரொஜக்டர் செஞ்சு போட்டோ எல்லாம் போட்டிருக்காரு. நல்ல விஷயம், பாராட்டுக்கள். ஆனா கடைசியா ஒரு வரி எழுதியிருக்காரு பாருங்க, அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மண்டை காயுது. "100 வாட் எல்இடி, 10,000 லூமென்ஸ், கடையில வாங்குற பிராண்டட் ப்ரொஜக்டரே 3,000 தான், அதை விட மூணு மடங்கு வெளிச்சம் என் ப்ளைவுட் பெட்டியில வருது"ன்னு. சார், லூமென்ஸ்னா மொத்த வெளிச்சத்தோட அளவு, அந்த 10,000 எல்இடியில இருந்து கிளம்புறது. திரையில விழுறது இல்ல. நடுவுல படத்தைக் காட்டுற எல்சிடி பேனல்னு ஒண்ணு உக்காந்திருக்கு. அதுல ஒட்டியிருக்கிற முதல் போலரைசர், ஒரு திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடுற ஷீட்டு, அதுவே பாதியை முழுங்கிடும், மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கை சிவப்பு பச்சை நீல ஃபில்டர் முழுங்கிடும், பிக்சலுக்கு நடுவுல இருக்கிற கருப்புக் கோடு அது பங்குக்கு எடுத்துக்கும், கடைசியில பேனலைத் தாண்டி வர்றது நூத்துக்கு அஞ்சோ ஆறோ தான். திரையில 250 விழுந்தாலே பெரிய விஷயம். இதை நம்பி நாலு பசங்க காசைக் கொட்டுவாங்க, அதான் தனித் திரி போட்டேன்.

சோல்டரிங் சுப்பு:
வாங்க லக்ஸ்மீட்டர் சார், எங்கடா இன்னும் காணோமேன்னு பாத்தேன். நான் எது போட்டாலும் குறை சொல்ல ஒரு திரி போடலைன்னா உங்களுக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்காதே. போன தடவை சப்வூஃபர் பெட்டிக்கும் இதே தான் பண்ணீங்க. சரி விஷயத்துக்கு வரேன். எல்இடி டேட்டாஷீட்ல வாட்டுக்கு 100 லூமென்ஸ்னு போட்டிருக்கு. நூறை நூறால பெருக்குங்க. எவ்ளோ வருது? 10,000. கணக்கு தப்பா? நான் என்ன கதையா விடுறேன்? 5.5 இன்ச் 2கே பேனல் வாங்கி, ஓரத்துல இருக்கிற கருப்பு டேப்பை ப்ளேடைப் படுக்க வச்சு உரிச்சு, ரிப்பன் கேபிள் மடங்காம ஒரு கையில பிடிச்சுக்கிட்டே பேக்லைட் ஷீட்டை ஒண்ணொண்ணா கழட்டி, ரெண்டு பக்கமும் வட்ட வட்டமா வரி போட்ட தட்டை லென்ஸ், அதான் ஃப்ரெனல் லென்ஸ், வச்சு, அதுலயும் வரி இருக்கிற பக்கம் பேனலைப் பாத்து இருக்கணும், திருப்பி வச்சா ஓரமெல்லாம் இருட்டடிக்கும், இதெல்லாம் நீங்க கையால செஞ்சிருக்கீங்களா? நான் செஞ்சேன். மொட்டை மாடியில ஐபிஎல் ஓட்டினேன். எதிர் வீட்டுக்காரங்க அவங்க மாடியில நின்னு பாத்தாங்க. 250 லூமென்ஸ்ல அது நடக்குமா? 10,000 சார். 10,000.

அவினாசி ரோடு:
ஏனுங்க சுப்பு, எல்இடிக்கு கூலிங் என்ன போட்டிருக்கீங்க? பழைய சிபியூ கூலர்ங்களா?

சோல்டரிங் சுப்பு:
ஆமாங்க, நாலு காப்பர் பைப் உள்ளது. தெர்மல் பேஸ்ட் போட்டு ஸ்க்ரூ அடிச்சிருக்கேன். பேனலுக்கும் எல்இடிக்கும் நடுவுல சூட்டைத் தடுக்கிற ஹீட் கிளாஸ் ஒண்ணு. கேள்வின்னா இப்படி கேக்கணும். சிலர் இருக்காங்க, ஸ்க்ரூட்ரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது, ஆனா நூத்துக்கு அஞ்சு ஆறுன்னு பர்சென்டேஜ் மட்டும் பேசுவாங்க.

லக்ஸ்மீட்டர்:
ஸ்க்ரூட்ரைவர் பிடிச்சா பிசிக்ஸ் மாறிடுமா? எல்இடி 10,000 குடுக்குதுன்னே வச்சுக்கலாம். அதுல பாதியைக் கூட ஃப்ரெனல் பிடிக்காது, நல்லாப் பிடிச்சா 5,000. பேனல்ல நூத்துக்கு ஆறு பாஸ் ஆச்சுன்னா 300. ப்ரொஜக்ஷன் லென்ஸ்ல கொஞ்சம் போயிடும், 250. அவ்ளோ தான். மேட்டூர்ல தொறந்து விட்டதைக் காட்டி கடைமடைக்கும் அவ்ளோ தண்ணி வந்துச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க கதை.

கடைமடை விவசாயி:
கடைமடைக்கு தண்ணி வரலைன்னு உங்ககிட்ட யார் சொன்னா? வேதாரண்யம் பக்கம் வந்து பாத்திருக்கீங்களா?

லக்ஸ்மீட்டர்:
ஐயா அது உதாரணம்.

கடைமடை விவசாயி:
உதாரணத்துக்கு எங்க வயிறு தான் கெடச்சுதா? ஜூன் 12 தொறக்க வேண்டிய தண்ணியை எத்தனை வருஷம் தள்ளித் தள்ளி தொறந்தாங்க, அணையில 120 அடி இருந்தாத்தான் எங்களுக்கு உசுரே வரும், மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு லென்ஸு லூமென்ஸுன்னு பேசுறவங்களுக்கு இது வெளையாட்டா இருக்கு.

சோல்டரிங் சுப்பு:
அப்படிக் கேளுங்க ஐயா. இவருக்கு எல்லாமே வெளையாட்டு தான்.

யாழ்தேவி:
அண்ணைமார், நான் புதுசு. இந்த ஃப்ரெனல் லென்ஸ் எங்கை வாங்கலாம் எண்டு ஒருக்கா சொல்லுவியளோ? யாழ்ப்பாணத்திலை ஒரு கடையிலையும் இல்லை.

டூரிங் டாக்கீஸ்:
ரெண்டு பேரும் சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்துங்கப்பா. எங்கப்பா டென்ட் கொட்டாயில ஆபரேட்டரா இருந்தவரு, கார்பன் குச்சி காலம். ரெண்டு குச்சியும் எரிஞ்சு கொறையக் கொறைய பக்கத்துல நின்னு நெருக்கி விட்டுக்கிட்டே இருக்கணும், கவனிக்காம விட்டா ஸ்கிரீன் பழுப்படிச்சுடும், ஜனங்க விசில் அடிச்சே கொன்னுடுவாங்க. நான் சொல்ல வர்றது என்னன்னா, சினிமா தியேட்டருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, திரை கண்ணுக்கு எவ்ளோ பளிச்சுன்னு தெரியுதுங்கிறதை நிட்ஸ்ல சொல்லுவாங்க, திரையில வெள்ளை 48 நிட்ஸ் இருந்தா போதும். 100 இன்ச் சாதா வெள்ளைத் திரைன்னா பரப்பு 2.76 சதுர மீட்டர் வரும், அதுக்கு சுமார் 415 லூமென்ஸ் இருந்தா தியேட்டர் வெளிச்சம் வந்துடும். 250-ன்னா 29 நிட்ஸ். ரூமை இருட்டாக்கிட்டா ஜோரா பாக்கலாம். 10,000-மும் வேணாம், 250-ன்னு கேவலமா பேசவும் வேணாம்.

சோல்டரிங் சுப்பு:
டாக்கீஸ் அண்ணே உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா 250 எங்க இருந்து வந்துச்சு? இவரு சொன்னதை நீங்களும் எடுத்துக்கிட்டீங்க. என்னது 250 இல்ல. 10,000.

லக்ஸ்மீட்டர்:
நான் எங்க கேவலமா பேசினேன்? 250-ஐ 10,000-னு சொல்லாதீங்கன்னு தான் சொன்னேன்.

மடிப்பாக்கம் மணி:
இதுக்கு எதுக்குங்க இவ்ளோ பாடு. ஆடித் தள்ளுபடியில 43 இன்ச் டிவி ஒண்ணு வாங்கி சுவத்துல மாட்டுங்க. வேலை முடிஞ்சுது.

அவினாசி ரோடு:
வந்துட்டாருங்க டிவி வியாபாரி.

மடிப்பாக்கம் மணி:
நான் வியாபாரி இல்ல, பேங்க்ல வேலை பாக்குறேன். மரியாதையா பேசுங்க.

சோல்டரிங் சுப்பு:
மணி சார், 43 இன்ச்சும் 100 இன்ச்சும் ஒண்ணா? பரப்புல அஞ்சு மடங்குக்கு மேல வித்தியாசம். டிவி பாக்குறவங்க டிவி திரிக்குப் போங்க. இப்ப எல்லாரும் கேட்டுக்கங்க, நான் ஆதாரத்தோட வந்திருக்கேன். நேத்து ராத்திரி போன்ல லைட் மீட்டர் ஆப் போட்டு ப்ரொஜக்டர் முன்னாடி வச்சுப் பாத்தேன். ஸ்க்ரீன்ஷாட் போட்டிருக்கேன், கண்ணாடியை மாட்டிக்கிட்டு பாருங்க. 9,800. 10,000-க்கு 200 தான் கம்மி, அது கூட லென்ஸ்ல தூசி இருந்ததால. எங்க சார் உங்க 250? இப்ப வாயைத் தொறங்க பாப்போம்.

லக்ஸ்மீட்டர்:
கடவுளே. அது லக்ஸ் சார், லூமென்ஸ் இல்ல. ஒரு சதுர மீட்டருக்கு எவ்ளோ விழுதுங்கிறது லக்ஸ். போனை லென்ஸுக்கு எவ்ளோ கிட்ட வச்சீங்க? படம் 21-க்கு 12 சென்டிமீட்டர் அளவுல இருக்கிற இடத்துல வச்சிருந்தா 250 லூமென்ஸே 9,900 லக்ஸ் காட்டும். அதாவது உங்க ஸ்க்ரீன்ஷாட்டே நான் சொன்னதைத் தான் சொல்லுது! அளக்கிற முறைன்னு ஒண்ணு இருக்கு, முழு வெள்ளைப் படம் போட்டு, திரையை ஒன்பது கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்து நடுவுலயும் மீட்டரை வச்சு அளந்து, சராசரி எடுத்து, திரைப் பரப்பால பெருக்கணும். அதுக்குப் பேரு தான் ஆன்சி லூமென்ஸ்.

சோல்டரிங் சுப்பு:
பாத்தீங்களா, நம்பர் வந்ததும் பேரை மாத்துறாரு. இவ்ளோ நேரம் லூமென்ஸ், இப்ப லக்ஸ், அப்புறம் ஆன்சி. நாளைக்கு இன்னொண்ணு கொண்டு வருவாரு. வெளிச்சம் வெளிச்சம் தானே? எல்லாமே ஒரே பெட்டியில இருந்து தானே வருது? உள்ள 10,000 இருக்கு, பெட்டியைச் சுத்தி எங்கயும் ஓட்டை இல்ல, அலுமினியம் டேப் ஒட்டி அடைச்சிருக்கேன், லென்ஸ் வழியா மட்டும் தான் வெளிய வர முடியும். வேற எங்க போகும்? சொல்லுங்க. ஆவியாயிடுமா?

அவினாசி ரோடு:
சூடாப் போயிருங்க. போலரைசர் தொட்டுப் பாத்தீங்கன்னா தெரியும். நம்மகிட்ட ஒருத்தரு லேத்துல லென்ஸ் ஹோல்டர் கடையச் சொல்லி வந்தாருங்க, அவரு ஃபேன் போடாம ஓட்டி, படத்துக்கு நடுவுல வட்டமா கருப்படிச்சிருச்சு. ஆறினதும் சரியாச்சுங்க, ஆனா போலரைசர் மஞ்சளானது மஞ்சளானது தான்.

சோல்டரிங் சுப்பு:
என்னது கருப்படிக்கலையே. அப்ப சூடா போகலைன்னு தானே அர்த்தம்? அப்ப வெளிச்சம் முழுசா வெளிய வருதுன்னு தானே அர்த்தம்?

லக்ஸ்மீட்டர்:
நீங்க ஹீட் கிளாஸும் ஃபேனும் போட்டிருக்கீங்க, அதனால கருப்படிக்கல. எதுக்குப் போட்டீங்க அதை?

சோல்டரிங் சுப்பு:
பாதுகாப்புக்கு. ஹெல்மெட் போடுறவன் எல்லாம் தினமும் கீழ விழுறானா?

யாழ்தேவி:
ஃப்ரெனல் லென்ஸ் பற்றிக் கேட்டனான். கண்ணாடித் தாளிலை எழுதினதைச் சுவரிலை பெரிசாக் காட்டுற பழைய ஓஎச்பி மெஷின் ஒண்டு பள்ளிக்கூடத்திலை சும்மா கிடக்கு, அதிலை இருக்கிற கண்ணாடி சரிவருமோ?

டூரிங் டாக்கீஸ்:
தம்பி அது பெருசு, 5.5 இன்ச் பேனலுக்கு ஒத்து வராது. 15 இன்ச் மானிட்டர் பேனல் வச்சு செய்யிறவங்க அந்தக் காலத்துல ஓஎச்பி மேலயே தான் வச்சாங்க, மெட்டல் ஹாலைடு பல்பு போட்டு. அந்த வழி வேற. ஆனா பேனல் பாடா படுத்தும், பின்னாடி இருக்கிற போர்டை மடக்கி ஒதுக்கி வைக்க இடம் வேணும், சில மாடல்ல அது மடங்கவே மடங்காது, அதைப் பாத்துட்டு வாங்கு.

மடிப்பாக்கம் மணி:
மெட்டல் ஹாலைடு 400 வாட் எல்லாம் கரன்ட் பில்லு என்ன ஆகும்? ரெண்டு மாசத்துக்கு கொஞ்ச யூனிட் தான் ஃப்ரீ.

அவினாசி ரோடு:
மூணு மணி நேரப் படத்துக்கு 1.2 யூனிட்ங்க. உங்க ஏசி அரை ராத்திரிக்கு அதை விட ஜாஸ்தி இழுக்கும்.

மடிப்பாக்கம் மணி:
என் வீட்ல ஏசி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைமடை விவசாயி:
நான் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கேன். மேட்டூர் பேச்சை யாரு எடுத்தது, அவரு மன்னிப்புக் கேக்கணும்.

லக்ஸ்மீட்டர்:
நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? நானும் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் தான். பேச்சை திசை திருப்பாதீங்க. சுப்பு, ஒரே ஒரு கேள்வி. கடையில விக்கிற சீனா மினி ப்ரொஜக்டர் டப்பா மேல 9,000 லூமென்ஸ்னு போட்டிருக்கான், அது பொய்யின்னு நீங்களே இதே தளத்துல பொங்கி எழுந்து எழுதினீங்க. அவனும் இதே எல்இடி கணக்கைத் தான் டப்பா மேல அச்சடிக்கிறான். அவன் சொன்னா பொய், நீங்க சொன்னா நெசமா?

சோல்டரிங் சுப்பு:
அவன் வியாபாரி. நான் கலைஞன். அவன் டப்பாவுல போட்டது 9,000, உள்ள இருந்தது 30 வாட் எல்இடி, நானே பிரிச்சுப் பாத்தேன். என்னதுல நெசமாவே 100 வாட் இருக்கு, 32 வோல்ட் 3 ஆம்பியர், க்ளாம்ப் மீட்டர் வச்சுப் பாத்துட்டு தான் எழுதினேன். ரெண்டையும் ஒண்ணா சேக்குறீங்களே, இது உங்களுக்கே அடுக்குமா? ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை கடையா ஏறி இறங்கி, டிரைவர் போர்டு புகைஞ்சு, மறுபடி வாங்கி, பொண்டாட்டி வாயில விழுந்து செஞ்ச பொருளு இது. நேர்ல வாங்க, வந்து பாருங்க, பாத்துட்டு 250-னு சொல்லுங்க. வரமாட்டீங்க. கூப்பிட்டா வரமாட்டாரு, ஆனா மாசத்துக்கு ஒரு திரி. 10,000-னா 10,000 தான், இதுல இனி பேச்சு இல்ல.

லக்ஸ்மீட்டர்:
நான் வரேன். மீட்டரோட வரேன். கூடவே போன வருஷம் சப்வூஃபர் சண்டைக்கு முன்னாடி "ஒரு வாரம் டெஸ்ட் பண்ணிட்டு தரேன்"னு என்கிட்ட வாங்கிட்டுப் போனீங்களே, மூணு கண்ணாடி சேத்த ட்ரிப்லெட் லென்ஸ், அதையும் எடுத்துக்கிட்டுப் போறேன். போட்டோவுல உத்துப் பாத்தா பெட்டி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிறது என்னோடது மாதிரி தான் இருக்கு. ஓரத்துல அதே கீறல்.

அவினாசி ரோடு:
இது வேறயாங்க!

சோல்டரிங் சுப்பு:
அந்த லென்ஸ் நீங்க சும்மா குடுத்தது. "வச்சுக்கங்க, எனக்கு உபயோகம் இல்ல"ன்னு சொன்னீங்க.

லக்ஸ்மீட்டர்:
எப்ப சொன்னேன்? மெசேஜ் எல்லாம் இன்னும் அழிக்காம வச்சிருக்கேன், போடவா இங்க?

சோல்டரிங் சுப்பு:
போடுங்க, எனக்கென்ன பயமா. லென்ஸ் வேணும்னா கொரியர் செலவு நீங்க குடுங்க, கழட்டி அனுப்புறேன். ஆனா அதைக் கழட்டினா ப்ரொஜக்டர் ஓடாது, அப்புறம் 250 தான் வருதுன்னு நீங்களே திரி போடுவீங்க, உங்க ப்ளானே அது தானே.

கடைமடை விவசாயி:
கொரியர் பேச்சு அப்புறம் பேசுங்க, முதல்ல மன்னிப்பு.