லோயர்() போட்டதும் செரோக்கி எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது, ஏன்?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் செரோக்கி என்ற பழங்குடி மொழி படிக்கும் நண்பருக்காக ஒரு சின்ன அகராதிச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். சொற்பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பு, யூடிஎஃப்-8. தேடலுக்காக ஆங்கிலம், செரோக்கி இரண்டையும் பைத்தானில் லோயர்() (எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் கட்டளை) போட்டுச் சேமிக்கிறேன். பழைய மடிக்கணினியில், பைத்தான் 3.4-இல், ஒரு தொந்தரவும் இல்லை. புதுக் கணினியில் 3.11. அதில் ஆங்கிலம் சரியாக இருக்கிறது, செரோக்கி முழுக்க வெற்றுக் கட்டம். மூலக் கோப்பை அதே கணினியில் திறந்தால் ஒழுங்காகத் தெரிகிறது! எழுத்துருவை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்த்தேன், பலனில்லை. தமிழைப் போலவே செரோக்கியிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்றுதானே படித்தேன்?

பதில் 1

ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து ஓர்ட்() (எழுத்தின் யூனிகோட் எண்ணைத் தருவது) போட்டு, ஹெக்ஸில், அதாவது பதினாறடி எண்ணில், என்ன வருகிறது என்று சொல்லுங்கள். மூலக் கோப்பில் உள்ள அதே எழுத்துக்கும்.

கேட்டவர்

மூலத்தில் 13ஏ0. சேமித்ததில் ஏபி70. இது எங்கிருந்து முளைத்தது?

பதில் 1

நினைத்தேன். நீங்கள் படித்தது 2015-க்கு முந்தைய நிலவரம். 1999-இல் யூனிகோட் 3.0-இல் செரோக்கி சேர்ந்தபோது ஒரே வகை எழுத்துதான். ஆனால் பழைய அச்சு நூல்கள் சிலவற்றில் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதனால் 2015-இல், யூனிகோட் 8.0-இல், சின்ன எழுத்துகளையும் சேர்த்தார்கள். ஏற்கெனவே இருந்தவை பெரிய எழுத்துகள் ஆகிவிட்டன. புதியவற்றில் 80 எழுத்துகள் ஏபி70-இல் தொடங்கும் தொகுதியில் இருக்கின்றன, மீதி 6 பழைய தொகுதியிலேயே.

பைத்தான் 3.4 வைத்திருந்தது யூனிகோட் 6.3. அதற்குச் சின்ன எழுத்தே தெரியாது, லோயர்() சும்மா இருந்தது. 3.5 முதல் தெரியும், மாற்றிவிடுகிறது. உங்கள் எழுத்துரு பழையது போல, அதில் சின்ன எழுத்துகள் இல்லை. அதுதான் கட்டம். நோட்டோ சான்ஸ் செரோக்கி போட்டால் தெரியும், ஆனால் அது மேல்பூச்சுதான். செயலியில் லோயர்() இருக்கவே கூடாது.

பதில் 2

லோயர்()-க்குப் பதில் கேஸ்ஃபோல்ட்() போடுங்கள், பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமில்லாமல் ஒப்பிடுவதற்கென்றே உள்ள கட்டளை அது. வேடிக்கை என்னவென்றால் அது ஆங்கிலத்தைச் சின்ன எழுத்தாக்கும், செரோக்கியைப் பெரிய எழுத்தாக்கும். பிழை இல்லை. ஒருமுறை கேஸ்ஃபோல்ட் செய்து வைத்த சொல் பின்னால் வரும் பதிப்புகளிலும் மாறக்கூடாது என்பது யூனிகோட் விதி. 2015-க்கு முன் சேமித்த செரோக்கி எல்லாம் 13ஏ0 வகைதான், அதாவது இன்றைய பெரிய எழுத்து, ஆகவே மாற்றம் பெரிய எழுத்தை நோக்கியே இருந்தாக வேண்டும். லோயர்()-க்கு அப்படி ஓர் உத்தரவாதமும் இல்லை.

மூலச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, தேடலுக்குத் தனி நெடுவரிசை வையுங்கள். பயனர் தட்டுவதற்கும் அதே கேஸ்ஃபோல்ட்(). ஏற்கெனவே கெட்டதை அப்பர்() போட்டுத் திருத்த நினைக்காதீர்கள், ஆங்கிலமும் சேர்ந்து பெரிதாகிவிடும். மூலக் கோப்பு இருக்கிறதே, மறுபடி ஏற்றிவிடுங்கள்.

கேட்டவர்

ஏற்றிவிட்டேன், கட்டம் போய்விட்டது. இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் 'சலகி' என்ற சொல்லே தேடலில் வரவில்லை, மொழியின் பெயரே அதுதான்! திரையில் பார்த்தால் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது.

பதில் 1

யாரோ ஆங்கில விசைப்பலகையில் தட்டியிருப்பார்கள். அந்த மூன்று எழுத்தும் பார்வைக்கு ஜி, டபிள்யூ, ஒய் மாதிரி. செக்வோயா என்ற செரோக்கியர் 1821 வாக்கில் உருவாக்கிய எழுத்துகளில் பல லத்தீன் வடிவத்தை ஒத்தவை, ஒலிக்கு மட்டும் சம்பந்தமே இல்லை. டி (D) போல இருப்பது 'அ', டபிள்யூ போல இருப்பது 'ல'. ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோட்டேட்டா.நேம்() போட்டுப் பாருங்கள், அதன் யூனிகோட் பெயரைச் சொல்லும். பெயர் 'லத்தீன்' என்று தொடங்கினால் ஆள் மாறாட்டம்.

கேட்டவர்

லத்தீன்தான். அந்த நெடுவரிசையில் இன்னும் 11 சொற்கள் அப்படி இருக்கின்றன. கையாலேயே திருத்துகிறேன், நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.