சாராயத்த ஒரேயடியா நிறுத்தினா நடுக்கம் வருது, வீட்டுல வச்சிப் பார்க்கலாமா?

கொழுந்துக்கூடை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மாமாவுக்கு 52 வயசு, தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்து வேலை, அதாவது செடிய வெட்டிவிடுறது. பல வருசமா தினம் பின்னேரம் அரைப் போத்தல் சாராயம். வாற தீபாவளியோட விட்டுர்றேன்னு சொல்றார். முன்ன ஒருக்கா விட்டப்ப மறுநாள் காலையிலேயே கை நடுக்கம், வேர்வை, ஓங்காளம். ரெண்டாம் நாள் ராத்திரி செவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருந்தார். திரும்பக் குடிச்சதும் எல்லாம் நின்னுடுச்சி. இந்தத் தடவை நாலு நாள் லீவு போட்டு, குளுக்கோஸ் கரைச்சிக் குடுத்து வீட்டுலயே பார்த்துக்கலாமா? லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, சில பேர் இந்தக் குளிருக்குக் கொஞ்சமாவது போடணும், முழுசா விடக்கூடாதுங்கிறாங்க. அது சரியா?

வார்டு விளக்கு:

தம்பி, வீட்டுல வேணாம். செவத்துல பூச்சி தெரிஞ்சதா சொல்றீங்களே, அந்த ஒண்ணே போதும், இவர ஆஸ்பத்திரியில வச்சித்தான் நிறுத்தணும்.

அந்த நடுக்கம் சத்துக்குறைவு இல்ல. சாராயம் மூளைய மந்தப்படுத்தும். தினமும் அது உள்ள போறதால, ஈடுகட்ட மூளை தன்ன முடுக்குற பக்கத்தக் கூட்டி, அடக்குற பக்கத்தக் குறைச்சி வச்சிக்கும். திடீர்னு சாராயம் நின்னா முடுக்கு மட்டும்தான் மிஞ்சும். நெஞ்சு படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை எல்லாம் அதோட வேலைதான். குடிச்சதும் சரியாகுறதும் இதனாலதான்.

கடைசியா குடிச்ச நேரத்துலருந்து கணக்குப் பாருங்க. 6லருந்து 12 மணி நேரத்துல நடுக்கம். வலிப்பு வந்தா பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்ள வரும், முன்னறிவிப்பே இருக்காது. 48லருந்து 96 மணி நேரத்துக்குள்ளதான் மோசமான கட்டம்: காய்ச்சல், ஆள் தெரியாத குழப்பம், இல்லாதத பார்த்துப் பேசுறது, ரத்த அழுத்தம் ஏறுறது. இதக் கவனிக்காம விட்டா உயிரே போகலாம். முதல் நாள் நல்லா இருக்கார்னு வீட்டுக்காரங்க நிம்மதியாகிடுறாங்க, மூணாம் நாள்தான் ஆபத்து. இன்னொண்ணு, நிறுத்துறதும் திரும்பத் தொடங்குறதுமா போனா ஒவ்வொரு தடவையும் முந்தினதவிட கடுமையா வரலாம். போன தடவை தப்பிச்சார்னு இந்தத் தடவையும் நம்ப முடியாது.

குளுக்கோஸ் விசயம் முக்கியம். வருசக்கணக்கா குடிக்கிறவங்க உடம்புல தயமின், அதாவது விற்றமின் பி1, தீர்ந்து கிடக்கும். சாப்பாடு குறையும், குடல் உறிஞ்சாது, ஈரல் சேமிக்காது. அந்த நிலையில குளுக்கோஸ நிறைய ஏத்தினா, மிச்சமிருக்கிற தயமினும் அதுலயே செலவாகிடும். அப்ப கண்ணு ஒரு பக்கமா ஆடும், கால் தள்ளாடும், புத்தி குழம்பும். குடிச்சிருக்கார்னு நினைச்சி விட்டுருவாங்க. நேரத்துக்கு வைத்தியம் பார்க்கலன்னா ஞாபகம் நிரந்தரமா போயிடும். அதனாலதான் வார்டுல தயமின் ஊசிய முதல்ல போடுறது. தயமின் ரொம்ப மலிவான மருந்து, அது இல்லாததால ஒருத்தர் புத்தி கெட்டுப்போறது எனக்குப் பொறுக்காத விசயம்.

ஆஸ்பத்திரியில அனுமதி கிடைக்கிற வரைக்கும் குடிக்கிற அளவ சட்டுனு வெட்ட வேணாம். வலிப்பு வந்தா பக்கவாட்டுல படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, 1990க்கு அடிங்க. அது இலங்கையோட சுவசெரிய ஆம்புலன்ஸ், இலவசம். தோட்டப் பாதையில வரத் தாமதமாகலாம், அதனால தார் ரோடு வரைக்கும் கொண்டுவர வாகனம் ஒண்ணு முன்னமே பேசி வையுங்க.

பாமசி மேசை:

மேல சொன்னதோட மருந்துப் பக்கம் மட்டும். வார்டுல குடுக்கிறது மூளைய அமைதிப்படுத்துற மருந்து, டயசிபாம் இல்லன்னா குளோர்டயசிபொக்சைட். முதல் நாள் கூடுதலா தொடங்கி 5லருந்து 7 நாளுக்குள்ள படிப்படியா குறைப்பாங்க. யாரோட வீட்டுலயோ மிஞ்சின மாத்திரைய வாங்கிக் குடுக்காதீங்க. சாராயத்தோட சேர்ந்தா மூச்சே அடங்கிப்போகும்.

தலையிடிக்குப் பனடோல் (பரசிட்டமோல்) குடுக்கிறதுன்னா 24 மணி நேரத்துக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல வேணாம். தினம் குடிக்கிறவங்க ஈரலுக்கு சாதாரண அளவே கூடுதலாகலாம். வெறும் வயித்துல அஸ்பிரின், ஐபுபுரோஃபன் குடுத்தா ரத்த வாந்தி வர இடமிருக்கு. வாந்தியால உடம்பு காஞ்சிருந்தா ஒரு பாக்கெட் ஜீவனிய (உப்புச்சீனிக் கரைசல் தூள்) ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணியில கரைச்சி கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம்.

குடிய மறக்கடிக்கிற மாத்திரைய சாயத்தண்ணியில (தேத்தண்ணியில) தெரியாம கலந்து குடுக்கிற பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சி யாரும் செய்யாதீங்க. டைசல்ஃபிராம்ங்கிற அந்த மாத்திரை உள்ள இருக்கிறப்ப சாராயம் குடிச்சா முகம் சிவந்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயமே நிக்கலாம். மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து இருக்கும். குடிக்கிற ஆளுக்கு அது தெரிஞ்சே ஆகணும்.

பனிமூட்டம்:

குளிர் கதைக்குப் பதில். சாராயம் தோலுக்குக் கீழ உள்ள ரத்தக் குழாய்கள விரிக்கும். உள்ள இருக்கிற சூடு தோலுக்கு வரும், அதனாலதான் கதகதப்பு. ஆனா அந்தச் சூடு வெளிய போயிடுது, உள் உடம்பு குளிர்ந்துகிட்டே வரும். சூடு உண்டாக்குற நடுக்கமும் குறையும். வெறும் வயித்துல குடிச்சிருந்தா ஈரல் சாராயத்தக் கழிக்கிறதுலயே நிக்கும், புதுசா சீனி உண்டாக்காது. ஜனவரி, பெப்ரவரியில நுவரெலியாப் பக்கம் புல்லுல பனி உறையிற ராத்திரியில, குடிச்சிட்டு ரோட்டோரம் படுக்கிறவர எழுப்பி உள்ள கொண்டுபோகணும்னு சொல்றது இதனாலதான். கம்பளி, சூடான சாயத்தண்ணி, ரொட்டி, இதுதான் குளிருக்கு.

கவ்வாத்துன்னு சொன்னதால இதையும் சேர்க்கிறேன். அரைப் போத்தல், 375 மில்லி, அதுல கிட்டத்தட்ட 100 கிராம் சுத்த அல்ககோல். ஈரல் மணிக்குக் கழிக்கிறது 7லருந்து 10 கிராம்தான். ராத்திரி 9 மணிக்கு முடிச்சவருக்குக் காலையில 7 மணிக்கும் ரத்தத்துல மிச்சம் இருக்கலாம். கோப்பி குடிச்சாலும் தலைக்குக் குளிச்சாலும் அது வேகமாகாது. அந்த நேரத்துல சரிவுல நின்னு கவ்வாத்துக் கத்தி வீசக்கூடாது.

கொழுந்துக்கூடை:

நன்றி அண்ணே, அக்கா. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கா நுவரெலியா ஆஸ்பத்திரிக்கா போறது? என்ன சொல்லி அனுமதி கேக்குறது?

வார்டு விளக்கு:

எது கிட்டவோ அங்க. தோட்டத்து மருந்துக்காரர்கிட்ட கடிதம் வாங்கிக்குங்க. ஒரு தாள்ல எழுதி வையுங்க: தினம் எவ்வளவு, எத்தனை வருசமா, கடைசியா குடிச்ச நாளும் நேரமும், முன்ன நிறுத்தினப்ப வந்த பூச்சித் தோற்றம், வலிப்பு வந்ததா இல்லையா, சீனி, பிரஷர் மாத்திரை ஏதும் போடுறாரா. கசிப்பும் (கள்ளச் சாராயம்) கலந்து குடிப்பார்னா மறைக்காம எழுதுங்க, கண்ணு மங்கலா தெரியுதான்னும் கேட்டு வையுங்க. மெதனோல்ங்கிற விஷம் கலந்திருந்தா அதுதான் அடையாளம், அதுக்கு வைத்தியமே வேற. வீட்டுக்கு வந்த பிறகு மனசு தளர்ந்தா 1926ங்கிற மனநல உதவி நம்பர்ல பேசலாம், எந்த நேரமும் எடுப்பாங்க.