கதிர்வீச்சு டோஸ் கணக்கை எழுத்தில் வாங்குவது எப்படி?

வணக்கம். அண்ணன் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. போன மாதம் பராமரிப்பு வேலையில் சட்டைப்பையிலிருந்த டோசிமீட்டர் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் கருவி) கத்தத் தொடங்கியும், "இன்னும் ஐந்து நிமிஷம், இந்த வால்வை முடித்துவிடு" என்று அங்கேயே இருக்க வைத்திருக்கிறார்கள். இப்போது டோஸ் வரம்பைத் தாண்டிவிட்டது என்று வாயால் சொல்லி, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அளவு எவ்வளவு என்று எழுதித் தர மறுக்கிறார்கள்.

ஐசிஆர்பி (சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) பரிந்துரைப்படி தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது. சரி, தாண்டியதை எப்படி நிரூபிப்பது? கதிர்வீச்சால் ரத்த அணுக்களில் ஏற்பட்ட குரோமோசோம் சிதைவை எண்ணும் சோதனை இருக்கிறது. நாளாக ஆகத் தடயம் குறையுமாம், அதனால்தான் பதறுகிறேன்.

வழக்கு ஒப்பந்ததாரர் மேலா, நிலையத்தின் மேலா? புற்றுநோய் பல ஆண்டு கழித்து வந்தால் காலவரம்பை எப்போதிலிருந்து கணக்கிடுவார்கள்? இப்படி வழக்கு நடத்தியவர்கள், தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.